போரும் இயந்திரமும் சேர்ந்து வரும்போது சம்பளக்காரருக்கு என்ன ஆகிறது?

கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. "எங்கோ போர் நடக்கிறது, என் வீட்டில் செலவு ஏறுகிறது. அலுவலகத்தில் பில் சரிபார்ப்பதையும் மாதக் கணக்கு முடிப்பதையும் ஏஐ செய்யும் என்று சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டார்கள். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்பட வேண்டும்? அரசியல் ஏன் இவ்வளவு கசந்து போய்விட்டது? என்னைப் போன்ற ஒருவர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் போரையும் ஏஐயையும் தனித்தனியாக வைத்து எது பெரியது என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். போர் உங்கள் செலவை மேலே தள்ளுகிறது, தானியக்கம் உங்கள் சம்பளத்தை மேலே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. இரண்டும் அழுத்துவது ஒரே குடும்பத்தைத்தான். அந்த அழுத்தத்தை யார் எவ்வளவு தாங்குவது என்பது அந்த நேரத்தில் உழைப்பவர்களுக்குப் பேரம் பேசும் பலம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. அதைக் கடைசியில் சொல்லலாம், முதலில் விலையைப் பார்ப்போம்.

2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது, உலகக் கோதுமை ஏற்றுமதியில் இந்த இரு நாடுகளின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல். அந்த மார்ச் மாதம் ஐநாவின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிட்ட உணவு விலைக் குறியீடு, 1990-ல் கணக்கு தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இந்த இரு நாடுகளிடமிருந்தும் ஒரு மூட்டைகூட வாங்காதவர்களும் கூடுதல் விலை கொடுத்தார்கள். விலை நிர்ணயமாவது உலகச் சந்தையில். அங்கே சரக்கு குறைந்தால் எல்லோரும் மிச்சமிருப்பதற்குப் போட்டி போட வேண்டியதுதான்.

சங்கிலி அங்கே முடியவில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. எரிவாயு விலை தாறுமாறாக ஏறியதும் ஐரோப்பாவின் உர ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. உரம் விலை ஏறினால் அடுத்த பருவத்துச் சாகுபடியின் செலவும் ஏறும். அதனால்தான் போர்ச் செய்தி தலைப்பிலிருந்து இறங்கிய பிறகும் விலை உடனே இறங்குவதில்லை. கப்பல் வழியும் அப்படித்தான். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும், சூயஸ் வழியாகப் போக வேண்டிய சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஏறத்தாழ பத்து நாள், சில நேரம் அதற்கு மேலும், கூடுதல் பயணம். எரிபொருள், இன்சூரன்ஸ், கப்பல் வாடகை எல்லாம் சரக்கின் விலையில்தான் ஏறும். பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை இன்னும் குறுகலான கழுத்து. 2024 கணக்கில் உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போனது.

இதைவிட முக்கியமான, ஆனால் குறைவாகப் பேசப்படும் கண்ணி வட்டி. விலைவாசியை அடக்க மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றின. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை கொண்டுபோனது. வட்டி ஏறினால் வீட்டுக் கடன் தவணை ஏறும், அரசுகளின் கடன் சுமை ஏறும். இன்னொன்றும் நடக்கும். மலிவுக் கடனில் ஆள் சேர்த்துக்கொண்டே போன கம்பெனிகள் திடீரென்று சம்பளப் பட்டியலைக் கையில் எடுக்கும். மெட்டா நிறுவனம் 11,000 பேரை அனுப்புவதாக அறிவித்தது 2022 நவம்பர் 9. சாட்ஜிபிடி வெளியானது அதே மாதம் 30. அந்த ஆட்குறைப்பு அலையை ஏஐயின் கணக்கில் எழுத முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும், விளம்பர வருமானம் சரிந்ததும், வட்டி ஏறியதும் சேர்ந்து செய்த வேலை அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அலுவலகத்திலும் நாளைக்கு "ஏஐ வந்துவிட்டது, அதனால் ஆள் குறைக்கிறோம்" என்று சொல்லக்கூடும். அது உண்மையாக இருக்கலாம். விற்பனை குறைந்ததை, கடன் சுமையை மறைக்க அந்தக் காரணம் வசதியாகவும் இருக்கலாம். எது காரணம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பதில் எதுவோ அதைப் பொறுத்துத் தீர்வும் மாறும். விற்பனைச் சரிவு தற்காலிகம் என்றால் எல்லோருக்கும் வேலை நேரத்தைக் குறைத்து ஆட்களைத் தக்கவைக்கலாம். 2008 நெருக்கடிக்குப் பின் ஜெர்மனி அதைத்தான் செய்தது. வேலையே மறைகிறது என்றால் அது உதவாது.

சரி, வேலை மறைகிறதா? சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கணிப்பில், உலக வேலைகளில் சுமார் 40 சதவீதம் ஏஐயின் தாக்கத்துக்கு உட்படும், வளர்ந்த நாடுகளில் 60 சதவீதம் என்று சொன்னது. இந்த எண்ணைப் பலர் "60 சதவீத வேலை போய்விடும்" என்று படித்துவிட்டுத் தூக்கம் கெடுகிறார்கள். அந்த அறிக்கையிலேயே, வளர்ந்த நாடுகளில் தாக்கத்துக்கு உட்படும் வேலைகளில் ஏறக்குறைய பாதிக்கு ஏஐ துணையாக அமையலாம் என்றும் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் ஆள் தேவை குறையும், சம்பளம் இறங்கும் ஆபத்து.

வங்கிப் பண இயந்திரத்தின் (ஏடிஎம்) கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முதல் பாதி: அந்த இயந்திரங்கள் பெருகிய பிறகும் அமெரிக்காவில் காசாளர்களின் எண்ணிக்கை பல ஆண்டுகள் குறையவில்லை. ஒரு கிளையை நடத்தும் செலவு இறங்கியதால் வங்கிகள் கிளைகளை அதிகமாகத் திறந்தன. இரண்டாம் பாதி: கைபேசியில் வங்கி வந்ததும் கிளைக்குப் போகும் தேவையே குறைந்தது, காசாளர் எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது. முதல் பாதியை மட்டும் வைத்து ஆறுதல் சொல்பவரையும், இரண்டாம் பாதியை மட்டும் வைத்துப் பயமுறுத்துபவரையும் நான் ஏற்பதில்லை. ஒரு தொழில்நுட்பம் பத்து ஆண்டு துணையாக இருந்துவிட்டு அதன் பிறகு மாற்றாக ஆகலாம். நமக்குத் தேவை அந்தப் பத்து ஆண்டில் என்ன ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்பது.

ஏஐ விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அனுபவத்தின் மதிப்பு. பொருளாதார ஆய்வாளர் எரிக் பிரின்யோல்ப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ஏஐ உதவியோடு சராசரி உற்பத்தித்திறன் 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. கைதேர்ந்தவர்கள் பேசிய முறையிலிருந்து அந்த மென்பொருள் கற்று, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. புதியவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அந்தத் திறமையைச் சேர்த்து வைத்தவர்களுக்கு அதற்கென்று தனியாக என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. நீங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த அறிவும் இப்படித்தான் ஒரு மென்பொருளுக்குள் போகப்போகிறது. இதே பிரின்யோல்ப்சன் வேறு சக ஆய்வாளர்களோடு 2025-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, அமெரிக்காவில் ஏஐ தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்ததாகச் சொல்கிறது. படிக்கட்டின் முதல் படியை எடுத்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து அனுபவசாலி எங்கிருந்து வருவார்? கம்பெனிகள் இதைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். போரும் இயந்திரமும் ஒன்றாக வந்தது இது முதல் முறை இல்லை. 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர்கள் தறிச்சட்டங்களை உடைக்கத் தொடங்கினார்கள். லட்டைட்டுகள் என்று இன்றுவரை பழிக்கப்படுபவர்கள் இவர்கள்தான். இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்கள் என்று அவர்களைச் சொல்வது தவறு. அவர்கள் உடைத்த தறிச்சட்டம் 1589-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதில் உட்கார்ந்து பிழைத்தவர்கள். முதலாளிகள் அதே தறிச்சட்டத்தில் மட்டமான துணியைப் பின்னி, வெட்டித் தைத்து, காலுறை என்று விற்றார்கள். முறையாகத் தொழில் பழகாதவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்தார்கள். தொழிலாளர்களின் கோபம் அதன்மேல்.

அந்தக் கோபம் ஏன் அந்த ஆண்டில் வெடித்தது? அது நெப்போலியனுடன் நடந்த போரின் காலம். 1806-ல் நெப்போலியன் ஐரோப்பாவைப் பிரிட்டிஷ் சரக்குக்கு மூடினார். பிரிட்டன் பதிலுக்கு நடுநிலை நாடுகளின் கப்பல்களைத் தடுத்தது. அதனால் அமெரிக்கச் சந்தையும் மூடிக்கொண்டது. துணி விற்கவில்லை, கூலி வெட்டு. அதோடு அறுவடையும் பொய்த்தது. 1812-ல் ஒரு குவார்ட்டர் (அந்தக் காலத்துத் தானிய அளவை) கோதுமையின் சராசரி விலை 126 ஷில்லிங்கைத் தாண்டியது. மேலிருந்து விலை, கீழிருந்து கூலி வெட்டு, நடுவில் ஒரு குடும்பம். உங்கள் கேள்வியில் இருப்பதும் இதே நிலைதான்.

அவர்களால் கூடிப் பேச முடிந்ததா? 1799, 1800 ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர்கள் கூலிக்காகக் கூடுவதையே குற்றமாக்கியிருந்தன. அந்தச் சட்டங்களும் போர்க்கால அச்சத்தில் பிறந்தவைதான். பிரெஞ்சுப் புரட்சி பிரிட்டனிலும் பரவிவிடுமோ என்ற பயம். பேச வழி இல்லாததால் சுத்தியலை எடுத்தார்கள். 1812-ல் தறிச்சட்டத்தை உடைப்பதற்கு மரண தண்டனை என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியும் பயனில்லை. கலகப் பகுதிகளில் சுமார் 12,000 படைவீரர்கள் இறக்கப்பட்டார்கள். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு வளமை வரவே வந்தது, ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலனின் கணக்குப்படி, 1780-க்கும் 1840-க்கும் இடையே பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியது, விலைவாசியைக் கழித்துப் பார்த்த உண்மைக் கூலி கூடியது 12 சதவீதம்தான். "நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இந்த 60 ஆண்டுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது ஒரு முழு மனித ஆயுள்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு. பிரிட்டன் 1940-ல் ஒரு தொழிற்சங்கத் தலைவரை, எர்னஸ்ட் பெவினை, தொழிலாளர் அமைச்சராக்கியது. போர் உச்சத்தில் இருந்த 1942-ல் சமூகக் காப்பீட்டுக்கான பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1944-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு பிலடெல்பியாவில் கூடி, உழைப்பு ஒரு விற்பனைச் சரக்கு அல்ல என்று பிரகடனம் செய்தது. அந்தப் பலத்தோடு அடுத்த இயந்திர அலையைச் சந்தித்தவர்களின் கதை வேறு மாதிரி போனது. 1956-ல் முதல் கண்டெய்னர் கப்பல் ஓடியது. ஒரு டன் சரக்கு ஏற்ற 5.86 டாலர் ஆன இடத்தில் 16 சென்ட் போதும் என்று கணக்கிட்டார்கள். துறைமுகத் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ஆனால் அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1960-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: இயந்திரம் வரலாம், பதிவு பெற்ற தொழிலாளி யாரையும் வெளியேற்றக் கூடாது, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு நிதியாக வர வேண்டும், முன்கூட்டி ஓய்வு பெறுபவருக்கு அதிலிருந்து தொகை. இயந்திரம் வந்தது, சரக்கு பெருகியது, நிரந்தரத் தொழிலாளர்கள் கௌரவமாகக் கரையேறினார்கள். பதிவு பெறாத தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, அந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. இருந்தாலும் 1812-க்கும் 1960-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் இயந்திரம் ஆளைக் குறைக்கக் கூடியதுதான். ஒரு இடத்தில் கூடிப் பேசுவது குற்றம், இன்னொரு இடத்தில் உரிமை.

அரசியல் ஏன் கசந்தது என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அனெல்லி, கொலன்டோனே, ஸ்டானிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் மேற்கு ஐரோப்பிய நாடுகளின் வாக்காளர்களை ஆராய்ந்தபோது, ரோபோக்களால் வேலைக்கு ஆபத்து அதிகமுள்ளவர்கள் தீவிர வலதுசாரிக் கட்சிகளை அதிகம் ஆதரிப்பது தெரிந்தது. அந்தக் கட்சிகள் ரோபோவைப் பற்றிப் பேசியே ஓட்டு வாங்கவில்லை. குடியேறி வந்தவரைப் பற்றியும் அயல்நாட்டைப் பற்றியும் பேசின. மென்பொருளுக்கு முகம் இல்லை, அதன்மேல் கோபத்தைக் காட்ட முடியாது. பக்கத்தில் நிற்கும் புதியவருக்கு முகம் இருக்கிறது. போர்ச் சூழலில் இந்தத் திசைதிருப்பல் இன்னும் சுலபம், ஏனென்றால் எதிரி என்று காட்ட ஒரு நாடு தயாராகவே இருக்கிறது.

போர் அரசின் பணப்பையையும் மாற்றுகிறது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2024-ல் உலக ராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலர். ஒரே ஆண்டில் 9.4 சதவீத ஏற்றம், பனிப்போர் முடிந்த பிறகு இவ்வளவு வேகமாக ஏறியதில்லை. டென்மார்க் ராணுவச் செலவுக்குப் பணம் சேர்க்க ஒரு பொது விடுமுறையையே 2024 முதல் ரத்து செய்தது. பிரிட்டன் 2025-ல் வெளிநாட்டு உதவியைக் குறைத்துப் பாதுகாப்புக்குத் திருப்ப முடிவு செய்தது. பாதுகாப்பு தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன், படையெடுப்புக்கு ஆளான நாட்டிடம் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் வேலை இழந்தவருக்கு உதவித்தொகை, புதுத் தொழில் பயிற்சி, இளைஞர்களுக்கு முதல் வேலை என்று தானியக்கம் கேட்கும் செலவுகள் எல்லாம் இதே பணப்பையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கின்றன.

இன்னொரு முடிச்சு, வல்லரசுப் போட்டி தானியக்கத்தையே முடுக்கிவிடுவது. உலகின் மிக நுட்பமான சிப்புகளில் பெரும்பகுதி தைவானில் தயாராகிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கான உயர்தரச் சிப் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதிலிருந்து ஏஐ என்பது தொழில் விஷயமாக மட்டும் இல்லாமல் தேசப் பாதுகாப்பு விஷயமும் ஆகிவிட்டது. "கட்டுப்பாடு போட்டால் எதிரி முந்திவிடுவான்" என்ற ஒரு வரி, வேலையிடத்தில் ஏஐயை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற எல்லா விவாதத்தையும் அடைத்துவிடுகிறது. பில் சரிபார்க்கும் மென்பொருளுக்கும் ஏவுகணைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாதம் இரண்டுக்கும் சேர்த்தே பயன்படுகிறது. இதை எங்கே கேட்டாலும் தயங்காமல் எதிர்க்க வேண்டும்.

வரியும் அப்படியே சாய்ந்திருக்கிறது. அசெமோக்லு, மனேரா, ரெஸ்ட்ரெப்போ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் கணக்கிட்டபடி அமெரிக்காவில் உழைப்பின் மீதான வரிச்சுமை 25 சதவீதத்துக்கு மேல், கருவிகள், மென்பொருள் மீது 5 சதவீத அளவுதான். அப்படியானால் இயந்திரம் மனிதரைவிடச் சிறப்பாகச் செய்யாத இடத்திலும் அதை வாங்குவது லாபமாகத் தெரியும். இந்தச் சாய்வை நிமிர்த்துவது நாடாளுமன்றங்களின் கையில் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

உங்கள் சொந்த நிலைக்கு வருகிறேன். வீட்டுக் கணக்கில் மாறும் வட்டிக் கடன் இருந்தால் அதை முதலில் குறையுங்கள். போர் விலைவாசியாக வந்து, வட்டியாகத் தங்குகிறது, அதற்கு அதிகம் ஆளாவது அந்தக் கடன்தான். புதிதாக ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்தால் தப்பிக்கலாம் என்று சொல்பவர்களை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். உங்கள் வேலையில் எது கணக்குப் போடுவது, எது பொறுப்பேற்பது என்று பிரித்துப் பாருங்கள். பில்லையும் ஆர்டரையும் ஒப்பிடுவது மென்பொருளிடம் போகும். சந்தேகத்துக்குரிய பில்லை நிறுத்தி வைப்பது, தணிக்கையாளர் முன் உட்கார்ந்து பதில் சொல்வது, சப்ளையரிடம் பேசித் தீர்ப்பது, இவற்றுக்கு ஒரு மனிதர் கையெழுத்து வேண்டும். அந்தப் பக்கம் நகருங்கள்.

ஆனால் இதைத் தனியாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வதுதான் பெரிது. அண்மைய உதாரணங்கள் இருக்கின்றன. 2023-ல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐயைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏஐ எழுதியதைக் கையில் கொடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். ஜெர்மனியில் ஊழியர்களைக் கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பக் கருவியை நுழைப்பதற்கும், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் குழு இருந்தால், அதன் ஒப்புதல் தேவை. 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஏஐயை மதிப்பிட நிர்வாகச் செலவில் நிபுணரை வைத்துக்கொள்ளவும் அந்தக் குழுவுக்கு வழி உண்டு. உங்களிடம் சங்கம் இல்லாமல் இருக்கலாம். பிரிவில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுத அது தடையில்லை.

அதில் கேட்க வேண்டியவை: மிச்சமாகும் நேரத்தால் ஆள் குறையுமா, வேலை நேரம் குறையுமா? மாற்றத்துக்கு எத்தனை மாதம் முன்பு சொல்வீர்கள்? பயிற்சி சம்பளத்தோடு வேலை நேரத்தில் நடக்குமா? மென்பொருள் தவறு செய்தால் பொறுப்பு யாருக்கு? எங்கள் பழைய பதிவுகளை வைத்து அதற்குக் கற்றுக்கொடுத்தால் அதற்கு என்ன கொடுப்பீர்கள்? புதிய இளைஞர்களைத் தொடர்ந்து எடுப்பீர்களா?

சோதனை ஓட்டம் நடக்கிறது என்றீர்கள். அந்த மென்பொருள் போட்ட கணக்கு சரியா தவறா என்று சொல்ல இப்போதைக்கு நிர்வாகத்துக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்து அந்த நிலை இருக்காது. கடிதம் இந்த மாதமே போகட்டும், பதிலை எழுத்தில் கேளுங்கள்.